எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு? எம்.பி.பி.எஸ். சேர்க்கும் வீடுகளுக்குச் சில விவரங்கள்

(சங்கக் கூடத்தில் நடந்த மாதாந்திர ஞாயிறு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த வருஷம் நம் வளாகத்தில் மட்டும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் நீட் எழுதி, ஓரளவு நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்கள். மூன்று வீட்டிலும் ஒரே பேச்சுதான். எந்தக் கல்லூரியைப் போடுவது? பின்னால் ஸ்கின், ரேடியாலஜி, ஆர்த்தோ என்று போக வேண்டுமானால் இப்போதே எதைப் பிடிக்க வேண்டும்? லிஃப்டிலும் வாக்கிங்கிலும் இதையே கேட்டுக்கேட்டு, நம் செயலாளர் என்னிடம் வந்து, "சார், நீங்கள் பாங்கில் கல்விக் கடன் பார்த்தவர்தானே, இருபது நிமிஷம் பேசுங்கள்" என்றார்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்தவன், அரசு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிச் சில வருஷங்கள் கடன் பிரிவில் இருந்ததால், மருத்துவ மாணவர்களின் அட்மிஷன் கடிதத்தையும் பார்த்திருக்கிறேன், ஏழெட்டு வருஷம் கழித்து அவர்களுடைய தவணை நிலுவைப் பட்டியலையும் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல், இரண்டு வருஷத்துக்கு முன் என் அக்கா பேத்திக்காக இந்த விதிமுறைப் புத்தகங்களை உட்கார்ந்து படிக்க வேண்டி வந்தது. அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊரில் ஒருவர் தோல் மருத்துவர் ஆவாரா, எக்ஸ்ரே ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் ஆவாரா என்பதை அவர் எம்.பி.பி.எஸ். படித்த கல்லூரி முடிவு செய்வதில்லை. நாலரை வருஷப் படிப்பும் ஒரு வருஷ ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடித்தபின் எழுதும் நீட்-பி.ஜி. தேர்வின் ரேங்க்தான் முடிவு செய்கிறது. 2017 முதல் இதுதான் நடைமுறை. 200 கேள்வி, 800 மதிப்பெண், சரியான விடைக்கு நாலு, தவறான விடைக்கு ஒன்று கழிக்கப்படும். அனாடமி தொடங்கி 19 பாடங்கள். நேர்முகத் தேர்வு கிடையாது, சிபாரிசுக் கடிதம் கிடையாது. எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று அந்தக் கம்ப்யூட்டர் கேட்பதில்லை.

நம்மில் பலருக்கு அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் போனில், "அப்பா, காலேஜ் பேர்தான் முக்கியம்" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அங்கே முறை வேறு. அங்கே சிறப்புப் பிரிவுக்கு விண்ணப்பித்தால் நேர்காணல் உண்டு, பேராசிரியர்களின் கடிதம் பார்ப்பார்கள், ஆராய்ச்சிக் கட்டுரை பார்ப்பார்கள். ஸ்டெப் 1 என்ற தேர்வின் மதிப்பெண் ஒரு காலத்தில் பெரிய அளவுகோலாக இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து அதற்கு மதிப்பெண் இல்லை, பாஸ் அல்லது ஃபெயில்தான். அதனால் மற்ற விஷயங்களின் கனம் அங்கே கூடியிருக்கிறது. அந்த ஊர்க் கணக்கைக் கொண்டுவந்து இந்த ஊர்க் கவுன்சலிங்கில் போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

இப்போது அக்கா பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குத் தென் மாவட்டம் ஒன்றில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இங்கிருந்து ராத்திரி ரயில் ஏறினால் காலையில்தான் போய்ச் சேர முடியும். அதே நேரத்தில் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது டீம்டு யுனிவர்சிட்டி என்கிறோமே, அதிலும் இடம் வாங்கலாம் என்று ஒரு புரோக்கர் வந்தார். அங்கே தோல் பிரிவு பெரியது, லேசர் சென்டர் இருக்கிறது, பெரிய பெரிய போட்டோ. "இங்கே எம்.பி.பி.எஸ். சேர்ந்தால் பி.ஜி. ஸ்கின் சீட் உள்ளேயே கொடுத்துவிடுவார்கள்" என்றார். பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே ஸ்கின் டாக்டர் கனவு. அப்பாவுக்குப் பெண்ணை தூரத்தில் அனுப்ப மனமில்லை. ஃப்ளாட் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்கத்தான் என்னிடம் வந்தார்கள். அந்த ஃப்ளாட் ஒன்றுதான் அவர்களுடைய சொத்து. அதில் என் அக்காவும் இருக்கிறாள்.

புரோக்கர் சொன்னதை முதலில் பார்ப்போம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் பி.ஜி. இடங்கள் எல்லாவற்றையும் மத்திய அரசின் எம்.சி.சி. என்ற கவுன்சலிங் குழுதான் நீட்-பி.ஜி. ரேங்க்படி ஒதுக்குகிறது. அங்கேயே படித்த மாணவர் என்று தனியாக எடுத்துவைத்துத் தர நிர்வாகத்தின் கையில் சீட் இல்லை. அந்த இடங்களுக்கு ரேங்க் குறைவாக இருந்தாலும் கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறதே என்றால், ஆமாம், இருக்கிறது. காரணம், கட்டணம். தோல், ரேடியாலஜி மாதிரிப் பிரிவுகளில் ஆண்டுக்குப் பல பல லட்சம் கேட்பதால் நிறையப் பேர் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தப் பணத்தைக் கட்ட முடிந்தவருக்கு எந்தக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்திருந்தாலும் அந்தக் கதவு திறக்கும். அதற்காக அங்கேயே எம்.பி.பி.எஸ்.ஸும் படிக்க வேண்டிய அவசியமில்லை. இதை அந்தப் புரோக்கரிடம் கேட்டபோது அவர் போன் வருகிறது என்று வெளியே போய்விட்டார்.

பாஸ் ஆவதற்கும் விரும்பிய பிரிவு கிடைப்பதற்கும் உள்ள தூரத்தையும் சொல்ல வேண்டும். நீட்-பி.ஜி. எழுதுகிறவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். 2023-இல் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று தகுதி மதிப்பெண்ணை ஜீரோ பெர்சன்டைல் வரை இறக்கினார்கள். அதாவது தேர்வு எழுதிய எல்லோருக்கும் தகுதி. அப்படி இறக்கியும் காலியாகக் கிடந்தவை பெரும்பாலும் அனாடமி, பயோகெமிஸ்ட்ரி மாதிரியான நோயாளி பார்க்காத பிரிவுகள். ரேடியாலஜி, ஜெனரல் மெடிசின், தோல், குழந்தை மருத்துவம், ஆர்த்தோ இதெல்லாம் முன்வரிசை ரேங்குகளிலேயே போய்விடுகின்றன. ஆகவே "பி.ஜி. கிடைத்துவிடும்" என்று யாராவது சொன்னால், எந்தப் பி.ஜி. என்று திருப்பிக் கேளுங்கள்.

சரி, கல்லூரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் நாம் நினைக்கிற வழியில் இல்லை.

முதலாவது, நாள் கணக்கு. நீட்-பி.ஜி. எழுத வேண்டுமானால் குறிப்பிட்ட தேதிக்குள் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். 2025 தேர்வுக்கு அந்தத் தேதி ஜூலை 31. தேர்வைத் தள்ளித்தள்ளி நடத்துகிற பல்கலைக்கழகத்தில் படித்தால் இரண்டு வார வித்தியாசத்தில் ஒரு முழு வருஷம் போய்விடும். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளும் சுயநிதிக் கல்லூரிகளும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரே அட்டவணையில் போகின்றன. நிகர்நிலைக்கு அவரவர் அட்டவணை. வெளிமாநிலத்துக்கும் அப்படியே. சேர்வதற்கு முன் அங்கே படித்த சீனியர் ஒருவரைப் பிடித்து, "உங்கள் பேட்ச் எந்த மாதம் முடிந்தது?" என்று கேட்பது நல்லது.

இரண்டாவது, மாநிலம். அரசுக் கல்லூரிகளின் பி.ஜி. இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு, பாதி மாநில ஒதுக்கீடு. மாநிலப் பாதிக்கு யார் தகுதி என்பதில் 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. பி.ஜி. மருத்துவத்தில் இருப்பிடத்தை வைத்து, அதாவது இந்த மாநிலத்துக்காரர் என்பதை வைத்து, ஒதுக்கீடு செல்லாது. ஆனால் அங்கே படித்தவர்கள் என்ற அடிப்படையில் நியாயமான அளவு முன்னுரிமை தரலாம் என்றது. "நம் சொந்த ஊர் தஞ்சாவூர்தானே, பெண்ணைக் கர்நாடகாவில் படிக்கவைத்தால் என்ன, பி.ஜி.க்குத் திரும்பி வந்துவிடுவாள்" என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தத் தீர்ப்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறந்த ஊரைவிட எம்.பி.பி.எஸ். படித்த ஊர் இனிமேல் அதிகம் பேசலாம். விதிமுறைப் புத்தகம் ஒவ்வொரு வருஷமும் மாறுகிறது, அந்தந்த வருஷத்துப் புத்தகத்தைத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாவது, நோயாளிகள். இதைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர்கள் கட்டடத்தைப் பார்க்கிறார்களே தவிர வார்டைப் பார்ப்பதில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1835-இல் தொடங்கியது. அதோடு சேர்ந்த ஜி.எச்., 1664-இல் கோட்டைக்குள் ஆரம்பித்த ஆஸ்பத்திரியின் வழி வந்தது. ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை, தஞ்சை, செங்கல்பட்டு, திருநெல்வேலி, கோவை எல்லாம் பல தலைமுறை டாக்டர்களை உருவாக்கியவை. அங்கே இல்லாத நோய் இல்லை. இன்னொரு பக்கம், 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 புதிய அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி. கவுன்சலிங் பட்டியலில் இந்தப் பெயர்களைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறவர்கள் நிறைய.

புதுக் கல்லூரியில் குறை உண்டு. வழிகாட்ட சீனியர்கள் குறைவு. சில பிரிவுகளில் பேராசிரியர்கள் மாறிக்கொண்டே இருக்கலாம். ஆனால் பழைய பெரிய கல்லூரியில் பி.ஜி. மாணவர்கள் நிறைய இருப்பார்கள். பிரசவமோ தையலோ அவர்கள் கைக்குத்தான் முதலில் போகும், ஹவுஸ் சர்ஜன் ரத்தம் எடுத்து ரிப்போர்ட் வாங்க ஓடிக்கொண்டிருப்பார். மாவட்ட ஆஸ்பத்திரியோடு சேர்ந்த சின்னக் கல்லூரியில் பி.ஜி. குறைவு என்பதால் எம்.பி.பி.எஸ். மாணவர் கைக்கே வேலை வரும். இது எனக்கு ஒரு ரிட்டயர்டு அரசு டாக்டர் சொன்னது, யோசித்துப் பார்த்தால் பாங்கிலும் அப்படித்தான். பெரிய பிராஞ்சில் சேர்ந்த பையன் ஒரே கவுன்டரில் மூன்று வருஷம் உட்கார்ந்திருப்பான். கிராமத்து பிராஞ்சில் சேர்ந்தவன் ஆறே மாதத்தில் நகைக்கடன், பயிர்க்கடன், கேஷ் எல்லாம் பார்த்துவிடுவான்.

காலியான படுக்கைகள் இருக்கிற கல்லூரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். தனியாரோ எதுவோ, ஒரு வேலை நாள் காலை பத்து மணிக்கு நேரில் போய் ஓ.பி.யில் அரை மணி நேரம் உட்காருங்கள். வரிசை இருக்கிறதா பாருங்கள். அட்மிஷன் ஆபீசில் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு ஹாஸ்டல் மாடல் ரூமைப் பார்த்துவிட்டு வருவதில் பிரயோஜனம் இல்லை. ஹவுஸ் சர்ஜன்களுக்கு உதவித்தொகை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். சில தனியார் கல்லூரிகள் கொடுப்பதில்லை என்ற புகார் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

படிப்பு விஷயத்தில் இப்போது ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. பி.ஜி. தேர்வுக்கு மாணவர்கள் மாரோ, ப்ரெப்லேடர் மாதிரி செயலிகளில்தான் படிக்கிறார்கள். மூன்றாம் வருஷத்திலிருந்தே கேள்வி வங்கியைத் தேய்க்கிறார்கள். அந்த வீடியோ ராமநாதபுரம் ஹாஸ்டலிலும் அதேதான், சென்னையிலும் அதேதான். தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய்வரும் பிள்ளையைவிட ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு அந்த மூன்று மணி நேரம் மிச்சம். பெண் பிள்ளை கண் முன்னால் இருக்க வேண்டும் என்ற நம் ஆசையை நான் புரிந்துகொள்கிறேன். அந்த ஆசைக்கும் ஒரு விலை உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

வேலூர் சி.எம்.சி., எய்ம்ஸ், ஜிப்மர் பற்றி இரண்டு வார்த்தை. கிடைத்தால் யோசிக்காமல் போகலாம். ஆனால் சி.எம்.சி.யில் ஸ்பான்சர்ஷிப், படிப்புக்குப் பின் குறிப்பிட்ட காலப் பணி என்று தனி ஏற்பாடு இருக்கிறது, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ., பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்றவற்றின் பி.ஜி. இடங்களுக்கு நீட்-பி.ஜி. இல்லை, ஐ.என்.ஐ.-செட் என்ற தனித் தேர்வு. வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும். எந்தக் கல்லூரிப் பிள்ளையும் எழுதலாம். ஸ்கின், ரேடியாலஜி நினைப்பில் இருக்கிறவர்கள் இரண்டையும் எழுதுகிறார்கள்.

இனி பணம். இது என் ஏரியா.

அரசுக் கல்லூரியில் படிப்புக் கட்டணம், நாம் இங்கே ஒரு வருஷத்துக்குக் கட்டும் மெயின்டனன்ஸைவிடக் குறைவு. தனியார் சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டுக்கே ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல். நிர்வாக ஒதுக்கீடும் நிகர்நிலையும் அதற்கெல்லாம் மேலே. கணக்குக்காக ஆண்டுக்கு 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து தவணை கட்டினால் 75 லட்சம். ஹாஸ்டல், புத்தகம், செயலிச் சந்தா எல்லாம் தனி.

கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். இதை மாரட்டோரியம் என்போம். "ஆறரை வருஷம் கட்ட வேண்டாமாம்" என்று சந்தோஷமாகப் போவார்கள். கட்ட வேண்டாம், ஆனால் வட்டி நிற்காது. 10 சதவீதம் தனிவட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் வாங்கிய 15 லட்சத்துக்கு ஆறரை வருஷ வட்டி, அடுத்ததுக்கு ஐந்தரை, இப்படியே போனால் மாரட்டோரியம் முடியும்போது வட்டி மட்டும் 33 லட்சத்து 75 ஆயிரம். அசலோடு சேர்த்து 1 கோடியே 8 லட்சத்து 75 ஆயிரம். இதைப் பதினைந்து வருஷத்தில் கட்டுவது என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1 லட்சத்து 17 ஆயிரம்.

அந்த முதல் தவணை எப்போது வருகிறது என்று பாருங்கள். பிள்ளை ஹவுஸ் சர்ஜன் முடித்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். முதல் முயற்சியில் ரேங்க் வந்திருந்தால் பி.ஜி. முதல் வருஷத்தில் இருப்பான். ஸ்கின் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்து ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதுகிறவனாக இருந்தால் சம்பளமே இருக்காது. பி.ஜி. சேர்ந்தால் தவணையைத் தள்ளிவைக்க வங்கி சம்மதிக்கலாம், வட்டி அப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கடன் இல்லாத பிள்ளைக்கு "இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன்" என்று சொல்லும் தெம்பு இருக்கிறது. தலைமேல் லட்ச ரூபாய்த் தவணை இருக்கிற பிள்ளை கிடைத்த பிரிவை எடுத்துக்கொள்கிறது, அல்லது ஏதாவது நர்ஸிங் ஹோமில் ராத்திரி டியூட்டிக்குப் போகிறது. ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் 19 பாடம் படிக்க முடியுமா? ஆக, ஸ்கின் சீட்டுக்காக என்று நினைத்து வாங்கிய கடனே ஸ்கின் சீட்டுக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. என் மேஜைக்கு வந்த நிலுவைக் கணக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறவர்களுக்குச் சில விவரங்கள். 4 லட்சம் வரை பொதுவாக மூன்றாம் நபர் ஜாமீனும் மார்ஜினும் கேட்பதில்லை. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஜாமீன். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான கல்வி நிறுவனங்களுக்குச் சொத்து ஜாமீன் இல்லாமல் கடன் கிடைக்கும். உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாரட்டோரியம் காலத்தில் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள். 80-இ பிரிவில் வட்டிக்கு வருமான வரிச் சலுகை எட்டு வருஷம் வரை உண்டு, பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும் ஒரே ஃப்ளாட்டின் பத்திரத்தை மட்டும் இதற்காக வெளியே எடுக்காதீர்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் டீ குடிக்கும்போது சண்டைக்கு வரலாம்.

இதே கணக்கைத்தான் அக்கா வீட்டில் ஒரு நோட்டுப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். அவள் அப்பா, "மாமா, பணம் போனால் போகட்டும், அவள் ஆசைப்பட்ட ஸ்கின் கிடைக்கணுமே" என்றார். அந்தப் பெண்தான், "தாத்தா, அந்த காலேஜ்ல சேர்ந்தா கண்டிப்பா ஸ்கின் கிடைக்கும்னு எழுதிக் கொடுப்பாங்களா?" என்று கேட்டாள். எழுதிக் கொடுக்க மாட்டார்கள் என்றேன். ரயில் டிக்கெட் போட்டுவிட்டாள். இப்போது மூன்றாம் வருஷம். போன தீபாவளிக்கு வந்தபோது, ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் வேலை செய்வதைப் பார்த்து அதில் மனம் போயிருக்கிறது என்றாள். அடுத்த தீபாவளிக்கு வேறு எதையாவது சொன்னாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

பதினேழு வயதில் பிரிவை முடிவு செய்வதில் இந்தச் சிக்கலும் இருக்கிறது. தோல் மருத்துவம் என்றதும் பிள்ளைகள் மனதில் ஓடுவது இன்ஸ்டாகிராமில் பார்க்கிற லேசரும் க்ரீமும். அந்தப் படிப்பின் முழுப் பெயர் எம்.டி. டி.வி.எல். தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் சேர்ந்தது. இங்கே பக்கத்தில் செங்கல்பட்டு திருமணியில் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. எம்.பி.பி.எஸ்.ஸில் தோல் பிரிவில் சில வாரங்கள்தான் போஸ்டிங். அதைப் பார்ப்பதற்கு முன்பே அதற்காகக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது, பெண் பார்க்கப் போகும் முன் கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற மாதிரி. ராத்திரியில் எமர்ஜென்சி அழைப்பு அதிகம் இல்லாத பிரிவு என்பதால் பலர் விரும்புகிறார்கள், அதில் தப்பில்லை. நாலு வருஷம் கழித்தும் அதே விருப்பம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இன்னொரு வழி இருப்பது நம் வளாகத்தில் பலருக்குத் தெரியவில்லை. எம்.பி.பி.எஸ். முடித்து அரசு வேலையில் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றும் டாக்டர்களுக்கு, மாநில ஒதுக்கீட்டு பி.ஜி. இடங்களில் பாதி தனியாக ஒதுக்கப்படுகிறது. இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31-இல் தீர்ப்பளித்தது. மலைப்பகுதி, தொலைதூரப் பகுதிகளில் வேலை பார்த்தால் ஊக்க மதிப்பெண்ணும் உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கும் வழி இது. அவசரப்படுகிறவர்களுக்குச் சரிப்படாது. கடன் இல்லாதவர்களுக்கு அருமையான வழி.

நெக்ஸ்ட் என்ற புதுத் தேர்வு வந்தால் எல்லாம் மாறிவிடுமே என்று போன வாரம் நம் பி பிளாக் நண்பர் கேட்டார். 2019-ஆம் வருஷத்து தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலேயே அது இருக்கிறது, தள்ளிக்கொண்டே போகிறது. வந்தாலும் அதுவும் எல்லோருக்கும் பொதுவான தேர்வுதான்.

கடைசியாக, விருப்பப் பட்டியல் நிரப்புவது. இதில்தான் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். "இது நமக்குக் கிடைக்காது, மேலே போட்டால் வீணாகிவிடும்" என்று பயந்து கிடைக்கக்கூடியதை முதலில் போடுகிறார்கள். கம்ப்யூட்டர் உங்கள் ரேங்க் வரும்போது பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கிறது, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கிறது. மேலே உள்ளவை கிடைக்காவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆகவே உண்மையான விருப்ப வரிசையிலேயே போடுங்கள். போகவே மாட்டோம் என்கிற கல்லூரியைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். எம்.சி.சி.யில் நிகர்நிலைக்கு விண்ணப்பிக்க டெபாசிட் மட்டும் 2 லட்சம். இடம் கிடைத்துச் சேராவிட்டால் எந்தச் சுற்றில் அது திரும்பி வரும், எந்தச் சுற்றில் வராது என்பதைப் பணம் கட்டும் முன் படித்துக்கொள்ளுங்கள். அகில இந்திய 15 சதவீதத்துக்கு எம்.சி.சி., மாநிலத்தின் 85 சதவீதத்துக்கு நம் தேர்வுக் குழு. இரண்டு இணையதளம், இரண்டு கடைசித் தேதி.

நம் வளாகத்தில் வீட்டு வேலைக்கும் காவலுக்கும் வருகிறவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அவர்களிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டும். அவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை.

வருகிற இரண்டு ஞாயிறும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். ரேங்க் கார்டு, சாதிச் சான்றிதழ், இந்த வருஷத்து விதிமுறைப் புத்தகத்தின் பிரின்ட் மூன்றையும் கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். அப்பா அம்மா மட்டும் வந்தால் பட்டியல் போட முடியாது.